வார்டுக்குப் போகிற மருமகனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்

பழவங்காடி, திருவனந்தபுரம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

மரியாதைக்குரிய மச்சான் கோமதிநாயகம் அவர்கள் சமூகத்துக்கு,

பழவங்காடி தேங்காய்க்கடை நெல்லையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. சங்கரன்கோவிலில் தாங்களும் அக்காவும் மருமகன் முத்துசங்கரும் அம்பாள் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை ஆவுடைத்தாயும் மகள் அனுஷாவும் சுகம். மூவரில் ஒருவருடைய சுகத்தைப் பற்றி மட்டும் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் நடக்கிறது. அது பின்னால் வரும்.

போன வாரம் போனில் கேட்டீர்கள், 'மாப்ள, பையனுக்கு அடுத்த மாசம் வார்டுக்குப் போற படிப்பு ஆரம்பிக்குது, என்னென்ன புஸ்தகம் வாங்கணும்னு அனுஷாகிட்ட கேட்டுச் சொல்லுங்க' என்று. அனுஷாவிடம் எதற்குக் கேட்க வேண்டும்? நானே சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரி மாப்ள, சரி மாப்ள' என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். தேங்காய்க்காரனுக்கும் டாக்டர் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா அங்கே சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. சர்ஜரி வார்டுக்கு வருகிற பிள்ளைகளில் எந்தப் பிள்ளை எந்த மாதிரிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறது என்று, அது கையை வைக்கிற விதத்திலேயே சொல்லக்கூடிய ஒரே அப்பன் இந்தத் திருவனந்தபுரத்தில் நான்தான். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்தப் படிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பிள்ளைகள் செத்தவரைப் பார்த்துப் படிக்கும். அதற்கப்புறம் உயிரோடு இருப்பவரைப் பார்க்க வார்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் போஸ்டிங். கொஞ்ச நாள் மெடிசின், கொஞ்ச நாள் சர்ஜரி, அப்புறம் பிரசவம், குழந்தை, கண், காது என்று ஒவ்வொரு டிபார்ட்மெண்டாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். செத்தவர் சொன்னபடி கிடப்பார். உயிரோடு இருப்பவர் இருமுவார், திரும்பிப் படுப்பார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மருமகளைப் பற்றிக் குறை சொல்லுவார். ஆகவே இதற்கு வேறு புத்தகம் வேண்டும் என்பது எவருக்கும் விளங்குகிற விஷயம்தானே. அனுஷா முதல் நாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினபோது, நேராகப் போகாதே, கடை வழியாக வா என்று சொல்லியிருந்தேன். வந்தாள். பூக்கடைக்காரர், கற்பூரக் கடைக்காரர், எதிர்ப்புறம் செருப்புக் காவல் இருக்கும் ரத்னாபாய் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் ஒரு தேங்காய் எடுத்து உடைத்தேன். மனம் கொள்ளவில்லை, இன்னும் இரண்டு எடுத்து உடைத்தேன். 'வியாபாரி சொந்தச் சரக்கை இப்படி உடைச்சா கடை வெளங்குமா' என்று உங்கள் தங்கை வைதாள். அன்றைக்கு விளங்காவிட்டால் போகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே காலேஜ் பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போனேன். அனுஷாவுக்குச் சொல்லவில்லை. கடையில் ஷைலஜா என்று ஒரு அம்மாள், நல்ல மரியாதை. 'ஏது எடிஷனா வேண்டது சேட்டா?' என்று கேட்டார். எந்தப் பதிப்பு வேண்டும் என்று அர்த்தம். எனக்கு என்ன தெரியும், 'இருக்கதுலயே பெருசு எது?' என்றேன். அவர் சிரிக்காமல் மேலே ஏறி எடுத்துக் கொடுத்தார். நான் தேங்காயை எப்படி வாங்குவேனோ அப்படித்தான் புத்தகத்தையும் வாங்கினேன். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், காதோரம் ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. கனமில்லாத எதையும் நான் தொடவில்லை. 'போஸ்டிங்கினு ஈ செறிய புக் மதி சேட்டா' என்று அந்த அம்மாள் ஒரு ஒல்லிப் புத்தகத்தை நீட்டினார், போஸ்டிங்குக்கு இந்தச் சின்னது போதும் என்று. எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை என்ன, சின்னப் புத்தகம் படிக்கிற பிள்ளையா? அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, சர்ஜரிக்குச் சிவப்பு அட்டையில் ஒன்று, மெடிசினுக்கு நீலத்தில் ஒரு ஜோடி, பிரசவத்துக்குப் பச்சை என்று எல்லாவற்றையும் தேங்காய் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி உள்ளே என்ன என்று கேட்டார். 'டாக்டர் புஸ்தகம் சார்' என்றேன். அவர் சல்யூட் அடித்தார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

அனுஷா பார்த்தாள். அப்புறம் சிவப்பை இரண்டு கையாலும் தூக்கி, 'அப்பா, நல்ல புஸ்தகம்தான். ஆனா வார்டுல நின்னுக்கிட்டே பார்க்கணும், கோட்டுப் பாக்கெட்ல கொள்ளணும். இத எங்கன வைக்க?' என்றாள். இதெல்லாம் ஒரு பிரச்சினையா? மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கோட்டை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் நம்ம தையல்காரரிடம் போய், பாக்கெட்டைப் பிரித்து, சிவப்புப் புத்தகம் முழுதாக இறங்குகிற அளவுக்கு ஒரு பை வைத்துத் தைத்து வாங்கி வந்தேன். தையல்காரர் உறுதிக்காக உள்ளே சாக்குத் துணி கொடுத்துத் தைத்திருந்தார். பிள்ளை நேரமாகிவிட்டது என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், யூனிட் சீஃப் என்பார்கள், அவளைப் பார்த்து, 'இதெந்தா மோளே, சஞ்சியா?' என்று கேட்டிருக்கிறார், இது என்னம்மா, சாமான் பையா என்று. ஒரு பக்கத் தோள் இறங்கி அவள் சாய்ந்தபடி நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை, மச்சான். பாக்கெட்டைப் பிரித்துவிட்டு எனக்கு விளக்கினாள். 'பெரிய புக் வீட்ல இருக்கட்டும்ப்பா, சந்தேகம் வந்தா பார்க்க. வார்டுக்கு ரெண்டே ரெண்டு போதும். நோயாளிகிட்ட எப்படிக் கேக்கணும், எப்படித் தொட்டுப் பாக்கணும்னு சொல்லித் தருது பாருங்க, அந்த மாதிரி ஒண்ணு. பாக்கெட்ல சட்டுனு பார்க்க ஒரு சின்னது. அதையும் மொத்தமா முதல்லயே வாங்கக் கூடாது. அந்த போஸ்டிங்க முடிச்ச சீனியர்கிட்ட, எதத் திறந்து பார்த்தீங்கன்னு கேட்டுட்டு வாங்கணும்' என்றாள். சீனியர் ஒருத்தியிடமிருந்து ஒரு பாக்கெட் புத்தகமும், அட்டை கிழிந்த ஒரு பழைய ஒல்லிப் புத்தகமும் வாங்கி வைத்திருந்தாள். என் காசில் வந்த புதுப் புத்தகங்கள் அலமாரியில் இருக்க, என் மகள் எவளோ படித்துக் கிழித்ததைப் படிக்கிறாளே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அடுத்தது பூஜை. இதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது என்பது நம்ம வீட்டிலும் உண்டு, இங்கே மலையாளத்தார் வீட்டிலும் உண்டு. இந்த வருடம்தான் நம்ம வீட்டுப் பூஜையில் முதல் முதலாக நிஜ டாக்டர் புத்தகங்கள். அனுஷா வார்டுக்குப் போயிருந்த நேரத்தில் நான் சிவப்பு, நீலம், பச்சை எல்லாவற்றையும் அடுக்கி, மேலே அந்தக் கிழிந்ததையும் வைத்து, பாக்கெட் புத்தகத்தை அதற்கு மேலே வைத்தேன். அவள் டேப்லெட்டில்கூடப் புத்தகம் இருக்கிறதே என்று அதையும் வைத்தேன். ஆயுத பூஜையும் சேர்த்துத்தானே என்று ஸ்டெதஸ்கோப், முட்டியில் தட்டுகிற சுத்தியல், டார்ச், இஞ்ச் டேப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பார்க்கக் கண் நிறைந்திருந்தது. படம் எடுத்து நம்ம குடும்ப குரூப்பில் போட்டேன். முதல் கும்பிடு போட்டது நீங்கள்தான், ஞாபகம் இருக்கும்.

அனுஷா வந்து பார்த்தாள். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் அவளுக்கு சர்ஜரி போஸ்டிங்கில் ஒரு பரீட்சை. நோயாளியைக் காட்டி, பரிசோதித்துச் சொல்லு என்பார்கள். பூஜை லீவில்தான் உட்கார்ந்து படிக்கப்போகிறேன் என்று அவள் நம்பியிருந்திருக்கிறாள், புத்தகம் எடுத்த பிறகு மிஞ்சும் ஒரு பகல் எதற்குக் காணும்? எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கலாம் என்கிறீர்களா, கேட்டிருக்கலாம்தான். 'ஒரே ஒரு புக்க மட்டும் எடுத்துக்கிடுதேன் அம்மா' என்று அவள் கெஞ்சினாள். உங்கள் தங்கையை உங்களுக்குத் தெரியாததா? பூஜை அறை வாசலில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். 'வச்சத எடுத்தா படிப்பு போயிரும். அம்புட்டு வருசம் படிச்சதும் சேந்து போயிரும்' என்றாள். போனில் பார்க்கலாமே என்று பிள்ளை எடுத்தால், 'அதுல வாசிச்சாலும் வாசிப்புதான்' என்று அதையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நாள்காட்டியைக்கூடத் திருப்பி மாட்டிவிட்டாள், எழுத்து கண்ணில் படக் கூடாதாம். ஒன்றுக்கும் கோபப்படாத பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நடையில் உட்கார்ந்தது. ஒரு பரீட்சை போனால் என்ன என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று பார்த்தவன் நான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தி, 'வாசிக்கத்தானம்மா கூடாது. தொட்டுப் பாக்கலாம்லா?' என்று கேட்டாள். ஆவுடைத்தாய் யோசித்துப் பார்த்தாள். தொடக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை. 'தொடலாம்' என்றாள். 'அப்பா, சட்டையத் தூக்கிட்டுப் படுங்க' என்றாள் அனுஷா.

மச்சான், விஜயதசமி வரைக்கும் நான்தான் புத்தகம். காலையில் பலகாரம் முடிந்ததும் பாயில் படுக்க வேண்டியது. ஸ்டெதஸ்கோப் பூஜையில் இருந்ததால் கையும் கண்ணும்தான். முதலில் ஒன்றும் செய்யாமல் கால்மாட்டில் நின்று பார்ப்பாள். அப்புறம் கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைப்பாள். 'வலிக்கா? இங்க? இங்க?' என்பாள். அப்புறம் தனக்குத்தானே இங்கிலீஷில் ஒப்பிப்பாள். அடுத்தது அவள் அம்மா படுப்பாள். அப்புறம் மாடி வீட்டு லீலாபாய் படுப்பார். தெருவில் பாதிப் பேர் வயிறு எங்கள் நடைக்கு வந்து போயிற்று. கடைசியில் மறுபடி நான். 'அப்பா, தலைய மட்டும் தூக்கி ஒரு தடவ இருமுங்க' என்றாள். இருமினேன். தொப்புளுக்குச் சற்று மேலே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று எழும்பிற்று. அது எனக்குத் தெரிந்ததுதான், சாக்கு தூக்குகிறபோதெல்லாம் எட்டிப் பார்க்கும், படுத்தால் போய்விடும். சதை என்று விட்டுவிட்டேன். அனுஷாவின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அந்த முகத்தில் வந்தது சந்தோஷம். தேடிக்கொண்டிருந்தது கிடைத்தவள் முகம். அப்புறம்தான் அது யாருடைய வயிறு என்று ஞாபகம் வந்திருக்கிறது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவளுக்குக் கொடுத்தது வயிற்றுக் கேஸ். கை தானாகப் போயிற்றாம். யூனிட்டில் முதலாவதாக வந்தாள். பூஜையில் வைத்ததால்தான் என்று உங்கள் தங்கை தெருமுழுதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் மறுக்கவில்லை.

பரீட்சை முடிந்த கையோடு என்னைக் கையைப் பிடித்து ஓ.பி.க்கு இழுத்துப் போனாள். ஹெர்னியா என்றார்கள். நம்ம பக்கம் குடலிறக்கம் என்போமே, அது. சுகர், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று வார்டில் படுக்கவைத்தார்கள். சீஃப் என் வயிற்றைப் பார்த்து, இது நல்ல கேஸ், பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும், சம்மதமா என்று கேட்டார். நல்ல கேஸ் என்று இதுவரை என்னை எவரும் சொன்னதில்லை. சம்மதம் என்றேன். அவ்வளவுதான், அனுஷாவின் செட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, கவனியுங்கள்.

பினு என்று ஒரு பையன். பெரிய புத்தகக்காரன். கட்டிலோரம் உட்கார்ந்து, 'அங்கிளே, குட்டிக்காலத்து அஞ்சாம்பனி வந்நிட்டுண்டோ?' என்று ஆரம்பித்தான். சின்ன வயதில் தட்டம்மை வந்ததா என்று. அப்புறம் தாத்தாவுக்கு என்ன நோய், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரா, பூனை வளர்க்கிறீர்களா. வயிற்றை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வை மூடித்தான் இருந்தது கடைசிவரை. அனில் என்று இன்னொருவன், கேள்வி பதில் புத்தகத்தை நெட்டுருப் போட்டவன். எந்தக் கேள்வி கேட்டாலும் சீஃபுக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுவான், ஆனால் கை ஐஸ். வைத்ததும் நான் துள்ளியதில் கட்டிலே நகர்ந்தது. ஜெஸி என்று ஒரு மெலிந்த பெண் வந்தாள். அவளிடமும் அனுஷாவிடம் இருப்பதுபோல் அந்த ஒல்லிப் புத்தகம். சும்மா நின்று பார்த்தாள். 'அங்கிளே, ஒந்நு சுமைக்காமோ?' என்றாள், இருமச் சொன்னாள். விரலை வைத்தாள், தலையை ஆட்டினாள், போர்வையை மூடிவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஆக, போன மாதம் வரைக்கும் நான் நினைத்ததற்கு நேர் எதிராக இப்போது சொல்கிறேன்: வார்டுக்கு ஒல்லிப் புத்தகம்தான். மருமகனுக்கு அதையே வாங்கிக் கொடுங்கள். சட்டைப்பையில் வைக்க ஒரு சின்னது. மனப்பாடப் புத்தகம் வேண்டாம், வாங்கினால் கையைச் சூடாக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஆனால் கனத்த புத்தகம் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றவர்களுக்கு. அதையும் சொல்கிறேன். வார்டில் ஒருநாள் சீஃப் எல்லாப் பிள்ளைகளோடும் என் கட்டிலைச் சுற்றி நின்றார். இதை ஆபரேஷன் செய்ய வேண்டுமா, கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டிருக்கலாமா, ஏன், என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று பினு அன்று காலையில் எனக்கு மெதுவாகச் சொல்லியிருந்தான். பதில் எனக்குத் தெரியும். சீஃப் விரலை நீட்டியது அனுஷாவை. பிள்ளை தடுமாறிவிடக் கூடாதே என்று நான் சீஃபின் முதுகுக்குப் பின்னால் கையை அசைத்து, வேண்டாம், பொறுக்கலாம், பொறுக்கலாம் என்று ஜாடை காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சீஃபைப் பார்த்து நிமிர்ந்து நின்று, ஆபரேஷன் செய்ய வேண்டும் சார் என்றாள். வழி குறுகலாக இருக்கிறது, குடல் வந்து மாட்டிக்கொண்டால் ஆபத்து, தள்ளிப்போடக் கூடாது என்று இங்கிலீஷில் தண்ணீராகச் சொன்னாள். சீஃப் 'ம்' என்றார். இந்த 'ம்' அவர் வருடத்தில் ஒரு தடவை கூடச் சொல்ல மாட்டாராம். கேஸ் தாளில் பெயரைப் பார்த்துவிட்டு, இவருக்குக் கூட இருக்கிற பைஸ்டாண்டர் யார் என்று கேட்டார். 'ஞானா சார்' என்றாள் அனுஷா, நான்தான் சார் என்று. சீஃப் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அத்தனை பேர் நடுவில் பெற்ற அப்பன் பேச்சை ஒதுக்கித் தள்ளிவிட்டாளே என்று ஒரு பக்கம். அந்த வார்டு முழுக்க எழுந்து நின்று கேட்க வேண்டிய பதில் அல்லவா என்று ஒரு பக்கம். பக்கத்துக் கட்டில்காரரிடம் 'எம் பிள்ளை' என்றேன். அவர் ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தார், இருந்தாலும் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் ஆபரேஷன் தேதி சொன்னார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் சாமிமார் வந்துவிடுவார்கள், பழவங்காடியில் தேங்காய் நிற்காது. இப்போது போய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுக்க முடியுமா? இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் சிவப்புப் புத்தகத்தை எடுத்து ஹெர்னியா என்று போட்ட இடத்தை எழுத்துக்கூட்டித் தேடினேன். இருக்கிறது மச்சான். பெரிய தொந்தரவு இல்லாத ஆண்களுக்கு உடனே ஆபரேஷன் அவசியமில்லை, கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று அச்சில் போட்டிருக்கிறான். மூட்டைக்கு நம்பர் போடுகிற மார்க்கரால் அதை அடிக்கோடிட்டு, அனுஷா கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள். இந்த விஷயத்தில் என்னோடு பேச்சு இல்லை. சாப்பிடும்போது 'ரசம் ஊத்தட்டா' என்பாள், அவ்வளவுதான். இதனால்தான் சொல்கிறேன், வீட்டில் கனத்த புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். டாக்டர் பிள்ளைகள் நம்மை மிரட்டுகிறபோது திறந்து காட்ட வேறு என்ன இருக்கிறது நமக்கு?

ஆக, ஒல்லி ஒன்று, பாக்கெட்டுக்குச் சின்னது ஒன்று, உங்களுக்குக் கனத்தது ஒன்று. வாங்குவதைப் பெரியவர்களே போய் வாங்குவது நல்லது, பிள்ளைகளுக்கு அனுபவம் போதாது. தங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் நமஸ்காரங்கள். மருமகன் முத்துசங்கர் நல்ல கைராசியுள்ள டாக்டராகி, அவன் தொட்ட வயிறெல்லாம் குணமாகி, சங்கரன்கோவில் முழுக்க அவன் பெயர் சொல்ல வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையார் சன்னிதியில் ஒரு தேங்காய் உடைத்து வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
நெல்லையப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே தள்ளிவிடவும். வருகிற புதன் இல்லை, அதற்கடுத்த புதன்கிழமை எனக்கு ஆபரேஷன். தாங்கள் அதற்கு முந்தின திங்கட்கிழமை வண்டிக்கே புறப்பட்டுத் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கி, நான் எழுந்து வருகிறவரை கடையில் உட்கார வேண்டும். புத்தகம் எதையும் நீங்கள் வாங்க வேண்டாம். மருமகன் சீனியர்களைக் கேட்டு அவனே வாங்கிக்கொள்ளட்டும், அவனுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். டாக்டர் சங்கதிகளில் பிழை இருக்கக் கூடாதே என்று கடிதத்தை ஒட்டும் முன் அனுஷாவிடம் படிக்கக் கொடுத்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவைக் கூப்பிட்டு, தையல்காரர் சாக்குத் துணி வைத்துத் தைத்த இடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சிவப்புப் புத்தகம் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. மேஜையில் விரித்திருந்ததை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். 'இது இடுப்புக்குக் கீழ வார ஹெர்னியாவுக்குச் சொன்னதுப்பா. தலைப்பு முந்தின பக்கத்துல இருக்கு. நீங்க அந்தப் பக்கத்தத் திருப்பவே இல்ல' என்றாள். எல்லாம் ஒரே வயிறுதானே என்று நான் தர்க்கம் பண்ணினேன். கார்த்திகை வியாபாரத்தைச் சொன்னேன். பினு சொன்னதைச் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன், பயமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. மயக்க ஊசி போட்டால் திரும்ப எழுந்திருப்பேனா என்கிற பயம்தான் மச்சான், உங்களிடம் மறைப்பானேன்.

அவள் புத்தகத்தை மூடி அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றின் மேல் வைத்தாள். இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்னிடம் பேசியதெல்லாம் தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் மலையாளம், காலேஜில் மலையாளம், வாசற்படி ஏறினால் தமிழ், அப்படித்தான் வளர்த்தோம். அவள் இன்றைக்கு என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. 'பேடிக்கண்ட அம்மாவா. ஞானில்லே கூடே' என்றாள். பயப்படாதீங்க பெரியவரே, நான்தான் கூட இருக்கேனே என்று அர்த்தம். வார்டில் முன்பின் தெரியாத கிழவர்களிடம் அவள் பேசுகிற பேச்சு அது. அவள் கண் நிறைந்துதான் இருந்தது, ஆனால் கை வைத்த இடத்திலேயே இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, 'செரி டாக்டரே' என்றேன்.